எட்டாவது வால்வு

ஏழு வால்வுகளில் இடைவெளி அச்சாகச் சரியாக இருந்தது. எட்டாவதில் இடைவெளியே இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை, வால்வை அமுக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தான், நுழையவில்லை. சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து வைத்துப் பார்த்தான். அதற்குக்கூட இடமில்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூவின் தலை சிதையும் அளவுக்கு அதை இறுக்கியிருந்தார்கள்.

மற்ற ஏழையும் சரிசெய்த கை யாருடையது என்பது ஊர் பன்னெண்டு என்று கூப்பிடும் அவனுக்குத் தெரியும். ஸ்க்ரூவைப் பூட்டும் ஒவ்வொரு லாக் நட்டின் மேலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி இருந்தது. வேலை முடிந்த நட்டுக்கு அப்படிப் பொட்டு வைக்கிற மெக்கானிக் ஊரிலேயே ஒருவர்தான், அவனுடைய தங்கையின் கணவர். பெண்டாட்டியின் நகப்பூச்சுப் புட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்து கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்வார். அதற்காகத் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாரம் கிடையாது. அந்தப் புட்டி இதோ இன்ஜின் பக்கத்திலேயே இருந்தது, மூடி சரியாகத் திருகப்படாமல், அதன் காட்டமான வாசனை அந்த மூடிய இடம் முழுக்கப் பரவி நின்றது. எட்டாவது நட்டில் மட்டும் பொட்டு இல்லை.

பன்னெண்டு என்பது அவனுடைய பட்டறைக்கு எதிர்க்கடை மெக்கானிக் வைத்த பட்டப்பெயர். அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு அதில் பன்னிரண்டு கூறு, அதுதான் பழைய வண்டிகளின் வால்வுக்கு விடவேண்டிய இடைவெளி, அதில் ஒரு கூறு கூடினாலும் குறைந்தாலும் இவனுக்குச் சோறு இறங்காது. "இவன் கல்யாணத்துல தாலி கட்டும்போதே கேஜ் வச்சுப் பார்த்தவன்டா" என்று எதிர்க்கடைக்காரன் கரகரத்த தொண்டையில் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லுவான். இடைவெளி அதிகமானால் வால்வைத் தள்ளும் டாப்பெட் டிக்டிக்கென்று அடிக்கும். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும். அதனால் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு: சத்தம் போடுற டாப்பெட் சாகாது.

மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை காலையில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தார். இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் வீடு திரும்பவில்லை. ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள், எல்லாக் கதையிலும் ஒரு பெண் இருந்தாள். தங்கை எதையும் நம்பவில்லை. அழவுமில்லை. "அண்ணா, அவரைக் கூட்டிக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னாள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்பதுபோல. அந்தக் குரலுக்குப் பயந்துதான் பன்னெண்டு இங்கே வந்திருந்தான்.

வீடு சரிவில் இருந்தது. வீட்டுக்கு அடியில், மண்ணைக் குடைந்து கட்டிய கார் ஷெட். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் இரும்பு ஷட்டர். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. வீட்டுக்கார அம்மா குடை பிடித்துக்கொண்டு ஷட்டர் வரைக்கும் கூட வந்தார். மெலிந்த உடம்பு, எதையோ எப்போதும் உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்த தலை.

"உங்க மாப்பிள்ளை அன்னைக்கே போயிட்டாரே தம்பி. மத்தியானம் வந்து பார்த்தேன், ஆளில்லை. ஷட்டர் பாதி தூக்கிக் கிடந்தது."

ஷட்டருக்கு வெளியே, சுவரோரம், மாப்பிள்ளையின் செருப்பு இருந்தது. தரைக்குப் பெயின்ட் அடித்திருப்பதால் உள்ளே போகிறவர்கள் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜோடி ஷூ, தோல் வெடித்து, உள்ளே தூசி படிந்துபோய்க் கிடந்தது.

"செருப்பு இங்கதானே இருக்கும்மா?"

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனார்." அம்மா அந்த ஷூவைப் பார்க்காமலே சொன்னார். "வண்டியை நோண்டிக்கிட்டு இருந்த மனுஷன், சொல்லாம கொள்ளாம போயிட்டார். போகணும்னு முடிவு பண்ணிட்ட ஆம்பளை செருப்பா தேடிக்கிட்டு நிப்பான்?"

பன்னெண்டு குனிந்து ஷட்டருக்குள் எட்டிப் பார்த்தான்.

"அவர் போனதுலேர்ந்து இது டிக்கு டிக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு தம்பி. மாடியில இருந்தாலும் கேக்குது. அந்தச் சத்தம் மட்டும் போகணும். வேற எதுவும் வேணாம்."

"வண்டியை யாரும்மா ஓட்டுறது?"

"யாரும் ஓட்டுறதில்லை."

"ஓடாத இன்ஜின்ல டாப்பெட் எப்படிம்மா அடிக்கும்?"

"உங்க மாப்பிள்ளையும் இதையேதான் கேட்டார்" என்று சொல்லிவிட்டு அம்மா மழையில் படியேறிப் போனார்.

செருப்பைக் கழற்றி மாப்பிள்ளையின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, இடுப்பளவு தூக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனபோது, பார்த்துவிட்டு வந்துவிடுவதாகத்தான் அவனுக்கு எண்ணம். மாப்பிள்ளையின் சட்டை, போன், ஒரு துண்டுத் துணி, ஏதாவது தடயம் கிடைக்குமா என்று தேடினான். கருவிப்பெட்டி திறந்து கிடந்தது. ஸ்பார்க் ப்ளக் நாலும் கழற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. டாப்பெட் கவர் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. சுவரை நெருங்கி மூக்கை நீட்டி நின்ற அந்தக் கறுப்பு வண்டியும், எண்ணெய் வாடையும், வெளியே மழையும்தான்.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் தப்பான இடைவெளியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா போக அவனால் முடியாது. கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை ஊறுமே, அதே வியாதி. எட்டாவதைச் சரிசெய்துவிட்டு, அம்மாவிடம் நாலு வார்த்தை பேசினால் இன்னும் ஏதாவது தெரியவரும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டான்.

எட்டாவது வால்வைத் தொட வேண்டுமானால் முதலாவது முழுசாகத் திறந்து நிற்க வேண்டும். அதற்கு வண்டியின் முன்னால் போய், பம்பருக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு, ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைக் கையால் திருப்பவேண்டும். பிறகு பக்கவாட்டில் வந்து பார்க்கவேண்டும். இது ரெண்டு ஆள் வேலை. பட்டறையில் எப்போதும் மாப்பிள்ளை ஹேண்டிலில் இருப்பார், இவன் கேஜில் இருப்பான். பக்கத்து லேத்துகளின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, அதனால் ஸ்பேனரால் இரும்பில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ரெண்டு என்றால் திருப்பு. மூன்று என்றால் கையை எடு, ஆபத்து. மாப்பிள்ளை தட்டினால் கடைசித் தட்டு எப்போதும் முந்தைய தட்டின் குதிகாலை மிதித்துக்கொண்டு அவசரமாக வந்து விழும். "தட்டுறதுலகூட உங்களுக்கு என்ன மாப்பிள்ளை பறப்பு?" என்று இவன் கேலி செய்வான்.

ஹேண்டிலைப் போட்டுத் திருப்பினான். ப்ளக் கழற்றிய இன்ஜின் வெண்ணெயாகத் திரும்பவேண்டும். இது திரும்பவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியபோது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, பிறகு தானாக அவன் கையைப் பின்னால் தள்ளியது. மறுபடியும் தள்ளினான். அது மறுபடியும் திருப்பித் தள்ளியது. எட்டாவது வால்வு இருக்கும் நாலாவது சிலிண்டரின் ப்ளக் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது, எண்ணெய் வாடையுடன் இன்னொரு வாடையும் அதில் கலந்திருந்தது. வெகுநேரம் பேசாமல் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருகிற வாடை.

டிக். டிக்டிக்.

பன்னெண்டு நின்றான். இரும்பு சூடு ஆறினால் அப்படிச் சத்தம் வரும். ஆனால் ஓடாத வண்டிக்கு ஏது சூடு என்று அவனே கேட்டுக்கொண்டான். பழைய உலோகம், மழைக் குளிர், ஏதாவது இருக்கும் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

முதலாவது வால்வு திறந்து நின்றதும் பக்கவாட்டுக்கு வந்து, லாக் நட்டில் ஸ்பேனரை மாட்டித் தளர்த்தினான். ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் திருப்பி இடைவெளி விட்டு, பன்னிரண்டாம் தகட்டை நடுவில் வைத்து, நட்டை இறுக்கினான். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ மயிரிழை கூடவே திரும்பும். அதைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே விட்டுப்பிடிப்பதில்தான் தொழிலே இருக்கிறது. தகடு லேசாக உரசிக்கொண்டு வந்தது. கச்சிதம். தகட்டை எடுத்துத் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

நுழையவில்லை.

நட்டு அசையவில்லை, ஸ்க்ரூ அசையவில்லை, இடைவெளி மட்டும் போய்விட்டது. உள்ளிருந்து எதுவோ வால்வைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படி ஆகும். வால்வைத் தள்ள உள்ளே என்ன இருக்கிறது? பிஸ்டன் இருக்கிறது, காற்று இருக்கிறது. வேறு ஒன்றும் இருக்க வழியில்லை.

டிக். டிக்டிக். டிக். டிக்டிக்.

இரண்டாம் தடவை இடைவெளி வைத்தான். போனது. மூன்றாம் தடவை. அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வேகம் பிடித்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று தோன்றியபோதுதான் திரும்பிப் பார்த்தான். இடுப்பளவு இருந்த ஷட்டர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது.

"அம்மா! ஷட்டரை இறக்காதீங்க, இருட்டா இருக்கு!"

மழைதான் பதில் சொன்னது. ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டர், தானாக இறங்கும், எத்தனை பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். முடித்துவிட்டுப் போய்த் தூக்கிக்கொள்ளலாம். ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு. இருபது வருஷத் தொழிலில் ஒரு வால்வு அவனிடம் வாலாட்டியதில்லை.

கடைசித் தடவை அவன் முழு பலத்தையும் போட்டான். வலது கையில் ஸ்பேனர், இடது கையில் ஸ்க்ரூடிரைவர், பல்லுக்கு நடுவே டார்ச். சத்தம் இப்போது விடாமல் அடித்தது, ராக்கர் தண்டு முழுக்க அதிர்ந்தது, அவன் முழங்கை வரைக்கும் அந்த அதிர்வு ஏறியது. இறுக்கினான். இன்னும் கொஞ்சம். நட்டு க்ளுக் என்று உட்கார்ந்தது.

சத்தம் நின்றது.

தகட்டை வைத்தான். உரசிக்கொண்டு நுழைந்தது. எடுத்து மறுபடி வைத்தான். நுழைந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னான். மாப்பிள்ளையின் புட்டியிலிருந்தே குச்சியை எடுத்து, எட்டாவது நட்டுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தான். செய்த வேலை அவனுக்கே பிடித்திருந்தது. இடைவெளி பன்னெண்டு, பொட்டு மாப்பிள்ளையுடையது. தங்கையிடம் சொன்னால் சிரிப்பாள்.

திரும்பியபோது ஷட்டர் மூடியிருந்தது. தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் வெளிச்சக் கோடு.

விரல்களை அந்தக் கோட்டில் செருகித் தூக்கினான். அசையவில்லை. உட்கார்ந்து தூக்கினான், படுத்துக்கொண்டு தோளால் தூக்கினான். இரும்புக்கு ஒரு நடுக்கம்கூட இல்லை. போனில் சிக்னல் இல்லை. "அம்மா! அம்மா!" என்று கத்தினான். தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் வெளியே மழை நனைத்த சிமென்ட்டும், மூன்று ஜோடிக் காலணிகளும் தெரிந்தன. ஷூ, மாப்பிள்ளையின் செருப்பு, தன்னுடைய செருப்பு. வரிசையில் மூன்றாவதாகத் தன் செருப்பைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான்.

ஸ்பேனரை எடுத்து ஷட்டரில் தட்டினான். யோசித்துத் தட்டவில்லை. ஆபத்து என்றால் கை தானாக எப்படித் தட்டுமோ அப்படித் தட்டினான்.

டொக். டொக். டொக்.

தட்டிய கை அந்தரத்தில் நின்றது.

மூன்று.

இத்தனை நேரம் அவன் கேட்டதும் மூன்றுதான். ஒன்று, அப்புறம் ரெண்டு. கடைசித் தட்டு முந்தையதின் குதிகாலை மிதித்துக்கொண்டு. அவசரமாக. பறப்பாக.

"மாப்பிள்ளை" என்றான் பன்னெண்டு. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஓடிப்போய் இன்ஜின் மேல் காதை வைத்தான். ஒன்றுமில்லை. சத்தம் போடுற டாப்பெட் சாகாது. இதைச் சத்தம் போடாமல் ஆக்கியது யார்? அவன்தான். பன்னிரண்டு வைத்து, நட்டை இறுக்கி, மேலே பொட்டும் வைத்தது அவன்தான். ஸ்பேனரால் இன்ஜினைத் தட்டினான். ரெண்டு தட்டு. இருக்கீங்களா என்று கேட்க அவர்களுக்குள் வேறு தட்டு கிடையாது.

வெகு ஆழத்திலிருந்து, ஒரு கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல, பதில் வந்தது. மூன்று.

அந்த ஏழு பொட்டுக்கும், பொட்டில்லாத எட்டாவதுக்கும் அர்த்தம் அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. மாப்பிள்ளையும் இதே இடத்தில் நின்றிருக்கிறார். மூடிய ஷட்டரைப் பார்த்திருக்கிறார். இங்கே இடைவெளி விட்டால் அங்கே ஷட்டர் மூடுகிறது, இங்கே இடைவெளியை மூடினால் அங்கே ஷட்டர் திறக்கும் என்று கண்டுபிடித்து, வெளியே போவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டாவதை இறுக்கியிருக்கிறார். ஷட்டரும் இடுப்பளவு தூக்கியிருக்கிறது. ஆனால் அவர் செருப்பு இன்னும் வெளியேதான் கிடக்கிறது.

இறுக்கினால் வால்வு திறக்கும். திறந்தால் அவர் வெளியே வரலாம். தானும் போகலாம். தங்கை கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை உள்ளே திருப்பினான். கால் சுற்று. அரைச் சுற்று. பின்னால் ஷட்டர் கிறீச்சிட்டு எழுந்தது. வெளிச்சம் தரையில் ஒரு முழம் நீண்டது. இன்னும் கால் சுற்று.

நாலாவது சிலிண்டர் மூச்சை உள்ளே இழுத்தது.

முதலில் துடைக்கிற துணி போனது. கட்டைவிரல் அகலத் துவாரம், ஒரு முழத் துணி அதில் நழுவிப் போனது. பிறகு கேஜ். பிறகு அவன் சட்டையின் நுனி. அவன் இன்ஜின் மேல் கவிழ்ந்தான். இடது கைச் சுண்டுவிரல் துவாரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. உள்ளே சூடாக இருந்தது. உள்ளே இன்னொரு விரல் நுனி அவன் விரல் நுனியைத் தொட்டது.

பிடித்திழுக்கவில்லை அது. வெளியே தள்ளியது.

மூன்று தட்டு. மூன்று தட்டு. மூன்று தட்டு. கையை எடு, கையை எடு மச்சான், கையை எடு.

எடுத்தான். சட்டை கிழிந்தது, நகம் பெயர்ந்தது, பின்னால் போய்ச் சுவரில் விழுந்தான். யாரும் தொடாமலே ஸ்க்ரூ மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டது. ஷட்டர் இறங்கியது. இந்தத் தடவை விரல் அளவு இடம்கூட மிஞ்சவில்லை. ஒரு தகடு நுழையும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போனதென்று அவனுக்குத் தெரியாது. டார்ச் மங்கி அணைந்தது. வெளிச்சக் கோடு வெளுத்தது, கறுத்தது, மறுபடி வெளுத்தது. பசிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஷட்டரைத் தட்டித் தட்டி ஸ்பேனர் பிடித்த கை மரத்துப்போயிருந்தது. அவன் ஓய்ந்தால் பின்னால் இன்ஜினுக்குள் அவர் தட்டுவார். அவர் ஓய்ந்தால் இவன் தட்டுவான். இறுக்காமல் விட்ட லாக் நட்டின் வழியாக அந்த ஒரு பேச்சு மட்டும் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது.

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. தரையில் முகத்தை அழுத்திக் கோட்டின் வழியாகப் பார்த்தான். வீட்டுக்கார அம்மாவின் பாதங்கள். இன்னொரு ஜோடி, தடித்த, எண்ணெய் படிந்த ஆண் பாதங்கள். நடுவே ஒரு ஜோடிப் பெண் பாதங்கள். விரல் நகங்களில் சிவப்புப் பூச்சு.

"இது எங்க அண்ணன் செருப்பும்மா" என்றாள் தங்கை.

"அவரும் அன்னைக்கே போயிட்டாரேம்மா. வந்து பார்த்தேன், ஆளில்லை. ஷட்டர் பாதி தூக்கிக் கிடந்தது. இதோ, நீங்களே பாருங்க, இப்படியேதான் கிடந்தது."

அவன் கத்த வாயைத் திறந்தான்.

"போனாப் போகட்டும். அந்தச் சத்தம் மட்டும் நிக்கவே இல்லைம்மா. முன்னைவிட ஜாஸ்தி. அதை மட்டும் நிறுத்திக் கொடுங்க."

"நிறுத்திடலாம்" என்றது ஒரு கரகரத்த தொண்டை. எதிர்க்கடைக்காரன். "டாப்பெட்தாம்மா. வேற ஒண்ணுமில்லை."

திறந்த வாயை மூடிக்கொண்டான்.

தட்டினால் அவர்களுக்கு டாப்பெட் சத்தம். சத்தம் கேட்டால் சரிசெய்வார்கள். சரிசெய்தால் ஷட்டர் மூடும், அவனுக்கு மட்டுமல்ல, உள்ளே வந்து நிற்கிற எல்லோருக்கும். தட்டாவிட்டால் அவன் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்க ஒன்றும் இல்லையென்றால் எதிர்க்கடைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான். தங்கையும் போய்விடுவாள். வெளியே. மழைக்கும் தெருவுக்கும். அவள் மட்டுமாவது.

ஸ்பேனரைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

வெளியே தங்கை செருப்பைக் கழற்றினாள். நாலாவதாக வைத்தாள். எதிர்க்கடைக்காரன் ஐந்தாவதாக. காலடிகள் ஷட்டருக்கு அடியில் உள்ளே வந்தன. அவன் இருந்த ஷெட்டுக்குள் யாரும் வரவில்லை. காலடிகள் மட்டும் அவன் தலைக்கு மேலே நடந்தன; அவர்கள் குனிந்து பார்க்கப்போகும் இன்ஜினுக்குள்தான் அவனுடைய இந்த ஷெட் இருந்தது.

"எதுவும் கேக்கலையே" என்றாள் தங்கை, மேலேயிருந்து.

"கொஞ்சம் இரும்மா" என்றார் அம்மா. "கேக்கும்."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். போ. போய்விடு. போய்விடு.

அவளுடைய குரல் அவனுக்கு மட்டுமா கேட்டது? பின்னால், இருட்டில், இன்ஜினுக்குள், இன்னொருவருக்கும் கேட்டது. அவள் கணவருக்குக் கேட்டது.

டிக். டிக்டிக்.

"வேணாம் மாப்பிள்ளை" என்று பன்னெண்டு முணுமுணுத்தான். இருட்டில் தடவிக்கொண்டு போய் இன்ஜினை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான், நெஞ்சை வைத்து அமுக்கினான். "வேணாம், வேணாம். அவ போகட்டும்."

டிக்டிக்டிக்டிக்டிக். அது இப்போது தட்டே இல்லை. ஆபத்து என்றும் இல்லை, நிறுத்து என்றும் இல்லை. பெண்டாட்டியின் குரலைக் கேட்ட மனிதன் கதவை அடிக்கிற அடி.

"ஆமா" என்றாள் தங்கை. "கேக்குது."

மேலே ஸ்பேனர் உட்காரும் சத்தம். நட்டு தளர்ந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவன் ஷட்டருக்கு ஓடினான். கத்தினான், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான், இரண்டு முஷ்டியாலும் இரும்பை அடித்தான். மூன்று. மூன்று. மூன்று.

"என்னமா அடிக்குது பாரு!" என்று எதிர்க்கடைக்காரன் சிரித்தான். "பன்னெண்டே வைக்கிறேம்மா. உங்க அண்ணன் நம்பர்."

தகடு உரசும் சத்தம். போய் வந்தது. போய் வந்தது.

வெளிச்சக் கோடு மெலிந்தது. அதில் ஐந்து ஜோடிக் காலணிகளின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. பிறகு ஈரச் சிமென்ட் மட்டும். பிறகு ஒரு மயிரிழை.

க்ளுக்.

இருட்டு. அவன் கைகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. சத்தம் வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றார் அம்மா. அந்தக் குரலில் எத்தனையோ வருஷத்து நிம்மதி இருந்தது.

"அண்ணே, இந்தப் புட்டி என்னோடது" என்றாள் தங்கை எதிர்க்கடைக்காரனிடம், மிகவும் மெதுவாக, எங்கோ தொலைவில். "வேலை முடிஞ்சா அவர் ஒரு பொட்டு வைப்பார். நான் வச்சிடறேன்."

பிறகு, கூரையிலிருந்து, காற்று நுழையக்கூட வழியில்லாத அந்த இருட்டுக்குள், நகப்பூச்சின் வாசனை இறங்கியது.